பாக்கி இல்லாத பட்டியல்

மும்பை மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவனும், எழுபத்திரண்டு வயது நிறைந்தவனும், புத்தி சுவாதீனத்தில் இருப்பவனுமாகிய சுப்ரமணியன் என்ற நான், பேட்டைக் கோயில் கொச்சு குருவாயூரப்பன் சாட்சியாகச் சொல்கிறேன்: கீழே வருவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இப்படிச் சத்தியம் செய்வது எனக்குப் புதிதல்ல. ஃபோர்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் அஃபிடவிட் டைப் அடித்தவன் நான். கோர்ட்டில் யார் எந்தப் பொய்யைச் சத்தியமாகச் சொன்னாலும் முதலில் அது என் விரல் வழியாகத்தான் போயிருக்கும். ஆகவே உண்மை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பழக்கம் கொஞ்சம் குறைவென்றாலும்.

காலை 8.41 ஸ்லோ லோக்கல் ரயிலில் நாங்கள் மூன்று பேர். நான், பாங்கில் இருந்த ஜெயராம், மஸ்ஜித் பந்தரில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கெழுதிய ஜெயினுலாப்தீன். ஜெயராம் எங்கள் தெருவிலேயே இருந்தான். ஜெயினுலாப்தீன் தாராவி லேபர் காம்ப்பிலிருந்து நடந்து வருவார். தாணேயிலிருந்து வரும் வண்டி மாட்டுங்காவில் நிற்கும்போது உள்ளே ஊசி குத்த இடம் இருக்காது. அடுத்த ஸ்டேஷன் தாதர். நடுவில் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் "கஹாங் உதரேகா?" என்று இறங்குமிடம் விசாரித்து, தாதர் என்று தலையசைக்கிறவரின் சீட்டை நம் பெயருக்கு முடித்துக்கொள்ள வேண்டும். இதில் ஜெயினுலாப்தீனை மிஞ்ச ஆள் கிடையாது. தூங்குகிறவன் முகத்தைப் பார்த்தே இவன் தாதரா, பைகுல்லாவா என்று சொல்லிவிடுவார்.

2016இல் மூன்று மாத இடைவெளியில் மூன்று பேரும் ரிட்டையர் ஆனோம். கடைசி ஆள் நான். என் கடைசி நாளன்று துணைக்கு அவர்களும் வந்தார்கள். வண்டி தாதரைத் தாண்டியதும் ஜெயராம் கேட்டான்:

"இனிமே கார்த்தால எழுந்து என்ன ஓய் பண்றது?"

"சாவ வேண்டியதுதான்" என்றார் ஜெயினுலாப்தீன். "அதுக்குப் பாஸ் எடுக்க வேண்டாம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன இருக்கு வே? இத்தன வருசமும் அதுக்கு முன்னாடிதான இருந்தோம். என்னத்தக் கண்டோம்?"

பைகுல்லா வந்தது. பிறகுதான் ஜெயராம், ஆளுக்கு இரண்டு என்று எழுதி வைப்போம், கண்ணை மூடுவதற்குள் முடிப்போம் என்றான். அன்று மத்தியானமே ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய டைப்ரைட்டரில், நடுவில் இரண்டு கார்பன் வைத்து, மூன்று பிரதியாக அடித்துவிட்டேன். முறை என்று ஒன்று வேண்டும் அல்லவா? முடிந்த வேலையைக் கோடு போட்டு அடிக்கலாம். ஆனால் அவரவர் கோட்டுக்குப் பக்கத்தில் மற்ற இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இல்லாத கோடு செல்லாது. ஒருவர் போய்விட்டால் அவர் விட்டுப்போன வேலை மற்றவர்களைச் சேரும்.

ஜெயராமுக்கு: கடலில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கசாரா வரை போவது. ஜெயினுலாப்தீனுக்கு: சிவ்டிக்கு வரும் பூநாரைகளைப் பார்ப்பது. அவருடைய இரண்டாவதற்கு, "எடம் விடும். அப்புறம் சொல்லுதேன்" என்றார். எனக்கு: முப்பத்தொரு வருஷம் கூடவே வந்தும் ஒரு வாய் சாப்பிட்டிராத ஜெயினுலாப்தீன் வீட்டில் சாப்பிடுவது. இரண்டாவது, என் பெண் சாதனாவிடம் நேரில் திட்டு வாங்குவது.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2015 மே மாதம் சாதனாவுக்குக் காட்கோபரில் கல்யாணம். மாப்பிள்ளை காளிராஜ், தாராவியிலிருந்து காட்கோபருக்குப் போய் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். வேறு ஜாதி என்று என் அண்ணா வரமாட்டேன் எனக் கடிதம் போட்டார். மன்னி போன் போட்டு அழுதாள். ஆனால் என் சம்சாரம் அம்மிணி பிடிவாதமாக நின்று, நம் வழக்கப்படி பெண்ணை அப்பா மடியில் உட்கார்த்தித்தான் தாலி கட்ட வேண்டும் என்று அவர்களையும் சம்மதிக்க வைத்திருந்தாள். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. நான் மாலை வாங்க விடிகாலையில் தாதருக்குப் போனேன். மாலையோடு வண்டியில் ஏறினேன். அது காட்கோபரில் நிற்காத கர்ஜத் ஃபாஸ்ட். தாணேயில் இறங்கித் திரும்பியிருக்கலாம். கர்ஜத் வரை போனேன். அங்கே ஒரு வடாபாவ் சாப்பிட்டேன். ரயில் மாறி ஏறிவிட்டேன் என்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அம்மிணி நம்பினாள். மடியில் ஜெயராம் உட்கார்த்திக்கொண்டான் என்று அவள் சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு சாதனா என்னிடம் பேசவில்லை. 2019இல் அம்மிணி போனபோது வந்தாள். பதின்மூன்று நாளும் என் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தாள். போன் செய்தால் எடுப்பாள். என் குரல் கேட்டதும் காளிராஜ் கையில் கொடுத்துவிடுவாள். "மாமா, சுகமா இருக்கியளா? அங்கன மழை எப்படி?" என்று அவன் மரியாதையாகக் கேட்பான். மாட்டுங்காவில் பெய்கிற மழைதான் காட்கோபரிலும் பெய்யும். இருந்தாலும் சொல்வேன். மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. எதிரே நிற்க வைத்து ஒரு மணி நேரம் திட்டினால் போதும். திட்டுவதற்காவது என்னை ஒரு மனுஷன் என்று கணக்கில் எடுக்க வேண்டுமே.

பட்டியலுக்கு வருகிறேன்.

முதலில் கடல். ஐம்பது வருஷம் பம்பாயில் இருந்தும் ஜெயராம் முழங்காலுக்கு மேல் கடல் பார்த்ததில்லை. தாதர் சௌபாட்டிக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். தண்ணீர் உள்வாங்கியிருந்த நேரம். நடந்தோம், நடந்தோம், முக்கால் மணி நேரம் நடந்தோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. படகில் வந்த ஒரு கோலி மீனவர், "காகா, குடே சால்லே?" என்று, எங்கே போகிறோம் என மராத்தியில் கேட்டார். ஜெயராம் "கழுத்து வரைக்கும்" என்று தமிழில் பதில் சொன்னான். அவர் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஜெயராமின் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தால், ஓமன் நாட்டுக்கு நல்வரவு, ரோமிங் கட்டணம் இவ்வளவு என்று செய்தி.

"போதும் ஓய், பாஸ்போர்ட் கொண்டுவரலே" என்று ஜெயராம் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் சரியாகக் கழுத்தளவு.

"நிக்கணும்னுல்லா எழுதியிருக்கு" என்றார் ஜெயினுலாப்தீன்.

"அளவு கழுத்துதானே? போடும் கையெழுத்து."

போட்டார்.

அடுத்தது பூநாரை. சிவ்டி சேற்றில் ஆயிரக்கணக்கில் நின்றன, ரோஜா நிறத்தில். ஜெயினுலாப்தீன் கரையோரமாக நின்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒற்றைக் காலில் நின்றது. இவரும் ஒரு காலை மடக்கிக்கொண்டார். யார் முதலில் காலை ஊன்றுவது என்று பந்தயம். இரண்டு மணி பத்து நிமிஷம். நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். கடைசியில் பூநாரை காலை ஊன்றிவிட்டு, அவமானத்தில் தலையைச் சேற்றுக்குள் விட்டுக்கொண்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வீட்டுச் சாப்பாட்டில் சொல்லும்படி அதிகம் இல்லை. அவர் மனைவி சபுரா புதுப் பாத்திரம் வாங்கி அதில் தயிர்சாதம் பிசைந்து வைத்திருந்தாள். "எதுக்கும்மா புதுசு?" என்றேன். "நீங்க சங்கடப்படுவியளோன்னு" என்றாள். நான்கு முறை போட்டுக்கொண்டேன். வயிறு கேட்கவில்லை. முகத்தை இலையில் வைத்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது.

2021 ஏப்ரலில் கொரோனாவில் ஜெயராம் போனான். ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விடவில்லை. போனவனை எங்களுக்குக் காட்டவும் இல்லை. பாலிதீனில் கட்டிக் கொண்டுபோனதாக அவன் பெண் ஷாலினி போனில் சொன்னாள். கசாரா பாக்கி நின்றது.

வண்டிகள் எல்லோருக்கும் திறந்த பிறகு நானும் ஜெயினுலாப்தீனும் சிஎஸ்டி ஸ்டேஷனில் கசாரா வண்டி பிளாட்பாரத்தில் நிற்பதற்கு முன்பே தயாராக நின்றோம். நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஜெயினுலாப்தீன் கைக்குட்டையை வீசினார். கைக்குட்டை விழுந்த சீட் அந்த ஆளுடையது. அது இந்த ஊர்ச் சட்டம். ஜெயராமுக்கான கைக்குட்டை ஜன்னலோரம், பக்கத்தில் நான், அதற்கடுத்து அவர்.

பைகுல்லாவில் ஒருவர் யாருடைய சீட் என்று கேட்டார். "யே கிஸ்கா ஹை?"

"ஆ ரஹா ஹை" என்றார் ஜெயினுலாப்தீன். வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

தாதரில் கேட்டார்கள். ஆ ரஹா ஹை. குர்லாவில் மூட்டையோடு ஏறிய ஒருவர் சண்டைக்கே வந்தார். "கப் ஆயேகா? மர்னே கே பாத்?" என்றார், எப்போது வருவான், செத்த பிறகா என்று. ஜெயினுலாப்தீன் அவரைப் பார்த்து, "ஹான், உஸ்கே பாத் ஹி" என்றார். ஆமாம், அதற்குப் பிறகுதான். மூட்டைக்காரர் கைக்குட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். தாணேயில் புதிதாக ஏறியவர்கள் கேட்டபோது நாங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் "ஆ ரஹா ஹை" என்றார்கள். கூட்ட நேரத்து மும்பை வண்டியில், இரண்டரை மணி நேரம், ஒரு ஜன்னல் சீட்டில் ஒரு கைக்குட்டை மட்டும் உட்கார்ந்து போனது. இதை மும்பைக்காரர்கள் நம்பமாட்டார்கள். கசாராவில் நான் கைக்குட்டையை எடுத்தபோது சீட் சூடாக இருந்தது.

நான் கோடு போட்டேன். ஜெயினுலாப்தீன் கையெழுத்துப் போட்டுவிட்டு நெடுநேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணு முடிச்சா ஒரு நாளு நல்லா இருக்கும்னு நெனச்சேன் வே" என்றார். "முடிக்க முடிக்கல்லா காலியாவுது."

மறு வருஷம் சர்க்கரை முற்றி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பார்க்கப் போனேன். "கவலப்படாதீரும். பூநாரைகிட்ட ஏற்கெனவே டிரெயினிங் எடுத்தாச்சு" என்றார். சபுரா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

இந்த வருஷம் சிறுநீரகமும் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். லேபர் காம்ப் வீட்டில், மேலே போகும் இரும்பு ஏணிக்குக் கீழே கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கன்னம் ஒட்டி, ஆள் பாதியாக இருந்தார்.

"பேப்பர் கொண்டாந்தீரா?"

எப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன்.

"ரெண்டு பாக்கி. உம்ம ஒண்ணு, எம்ம காலியிடம் ஒண்ணு."

"உம்மோடதைச் சொல்லுமே. நான் முடிச்சுத் தரேன்."

"எழுதிக்கிடும். சுப்ரமணி அய்யர் காட்கோபர் போவணும்."

நான் எழுதவில்லை.

"டைம் டேபிள முன்னயும் பின்னயும் ஒப்பிக்கிற ஆளு, ரயிலு மாறி ஏறினீராக்கும். அன்னைக்கு வாயில வந்துச்சு, கேக்கல. பத்து வருசமாக் கேக்கல. இப்பவும் கேக்கல. போவும். போயி வாங்கிட்டு வாரும். எனக்கு ரொம்ப நாளு கெடையாது வே. நான் போயிட்டா ஒமக்குச் சாட்சி போட ஒருத்தன் இல்ல. கோடு செல்லாது."

சபுரா என்னைப் பார்த்தாள். "போயிட்டு வாங்கண்ணே. சாப்பாடு எறங்க மாட்டேங்கு. இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடக்காவ."

வியாழக்கிழமை போனேன். மாட்டுங்காவில் 11.20 ஸ்லோ. சயான், குர்லா, வித்யாவிஹார், காட்கோபர். மேற்குப் பக்கம், மெட்ரோ படிக்குக் கீழே இறங்கி, காளிராஜின் கடையைத் தாண்டி, எதிர்ச் சந்தில் நான்காவது மாடி. மணியடித்தேன். சாதனாதான் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என் பெண்ணுக்கு நரைக்கும் என்று நான் யோசித்ததில்லை.

"உள்ளே வாங்கோ" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றேன்.

"எதுக்கு வந்தேள்?"

"திட்டு வாங்கிண்டு போலாம்னு."

கதவைச் சாத்தினாள். பிறகு ஆரம்பித்தாள்.

"தலைமாட்டில டைம் டேபிள் புஸ்தகத்தை வெச்சுண்டு தூங்கற மனுஷன். ரயில் மாறிடுத்துன்னு அம்மாகிட்ட சொன்னேள். அம்மா அதைச் சாகற வரைக்கும் நம்பினா. 'பாவம்டி, பதட்டத்தில ஏறிட்டார்'னு எங்கிட்ட வந்து சொல்லுவா. நான் ஆமாம்பேன். பொய்யைச் சொன்னது நீங்க, அதைக் கட்டிக் காப்பாத்தினது நான். வேண்டாம்னா வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருக்கலாம். உங்களுக்கு வேண்டாம்னு சொல்லவும் தைரியமில்லை, வரவும் தைரியமில்லை. ஜெயராம் மாமா மடியில உக்காந்தேன்ப்பா. அவருக்கு முட்டி வலி. என் வெயிட் தாங்காம கால் நடுங்கிண்டே இருந்தது. நான் வாசலைப் பாத்துண்டிருந்தேன். தாலி ஏறினது எனக்குத் தெரியாது. அப்பவும் வாசலைத்தான் பாத்துண்டிருந்தேன்."

இப்படி ஒரு மணி நாற்பது நிமிஷம். குரலை உயர்த்தவில்லை. நான் நின்றுகொண்டே கேட்டேன். முடிந்ததும் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். கையில் தரவில்லை. ஆனால் வைத்தாள். படியிறங்கும்போது மேலேயிருந்து, "மெதுவா எறங்குங்கோ, நடுவில ஒரு படி ஒசரம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயினுலாப்தீனிடம் இதை அப்படியே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நான் நிறுத்தினால், "ம்" என்பார்.

"கதவத் தொறந்தது யாரு?"

"அவதான்."

"காளிராஜ் இல்லியா?"

"கடையில இருந்தான்."

"நல்லாத் திட்டினாளா?"

"நன்னா."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "ஒம்ம கதையில மொத மொறையா ஒரு எடத்துலகூட எனக்குச் சிரிப்பு வரல வே" என்றார். "அப்பன்னா நெசந்தான். பேனாவ எடும்."

என் வேலையை நான் கோடு போட்டு அடித்தேன். காலியிடத்தில் அவர் சொன்னதை எழுதி, அதையும் அடித்தேன். அவர் கையில் பேனா நிற்கவில்லை. சபுரா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சுருக்கக் கையெழுத்து போதும் என்றேன். கேட்கவில்லை. என் கோட்டுக்குப் பக்கத்தில் ஜெயினுலாப்தீன் என்று முழுப் பெயரையும் எழுதினார். கடைசி எழுத்து தாளை விட்டு இறங்கிப் போர்வையில் முடிந்தது. அவருடைய கோட்டுக்கு நான் சாட்சி போட்டேன்.

"இனி பாக்கி இல்ல" என்றார். அன்று மத்தியானம் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, மசூதியில் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் போய்விட்டார் என்று சபுரா போன் செய்தாள். நான்தான் முதல் ஆளாகப் போனேன்.

பட்டியல் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஆறு வேலை, ஆறு கோடு, ஆறு கையெழுத்து. நான் அடித்த எந்த அஃபிடவிட்டும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

இன்று தேதி வரை நான் காட்கோபர் ஸ்டேஷனில் ஒருமுறைகூட இறங்கியதில்லை.